டிஸ்சார்ஜ் ஆன பிறகு எங்கே? தலைக்காயம் பட்டவருக்கு வீடு, மையம், தினசரிப் பயிற்சி

என் அண்ணனின் டிஸ்சார்ஜ் சம்மரி ஆறு பக்கம். எந்த நாளில் எந்த ஸ்கேன், என்ன அறுவை, என்ன ஊசி என்று ஐந்தரைப் பக்கம் நிறைந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் மருந்துப் பட்டியலுக்குக் கீழே ஒரே வரி: “பிசியோதெரபி தொடரவும்.” எங்கே, யாரிடம், எத்தனை மாதம் என்று எதுவும் இல்லை. 23 நாள் ஐசியூவிலும் வார்டிலும் கிடந்தவரை மறுநாள் காலை 11 மணிக்குள் அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். அன்று இரவு அம்மா, அண்ணி, நான் மூவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு முடிவெடுத்தோம். அது தவறான முடிவு. இன்று ஏதோ ஓர் ஊரில் அதே மாதிரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்காக இதை எழுதுகிறேன்.

அண்ணனுக்கு வயது 38. எங்கள் ஊர் உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுபவர். நாய் குறுக்கே வந்ததில் பைக்கிலிருந்து விழுந்தார். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவருடைய கிளாஸ்கோ மதிப்பெண் 7. கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1974இல் வகுத்த அளவுகோல் அது. கண் திறப்பது, பேசுவது, கைகாலை அசைப்பது மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பிடுவார்கள். 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8 அல்லது அதற்குக் கீழே வந்தால் கடுமையானது. வீக்கத்துக்கு இடம் கொடுக்க வலது மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்து, அந்த எலும்பை வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று சம்மரியில் “இ4 வி4 எம்6” என்று இருந்தது. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 4, அசைவுக்கு 6, கூட்டினால் 14. “பதினைந்துக்குப் பதினாலா, அப்புறம் என்ன கவலை” என்றார் மாமா. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அந்த எண் நினைவு தெளிந்திருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும், மூளை எவ்வளவு மீண்டிருக்கிறது என்பதைச் சொல்லாது. காயம் எவ்வளவு கடுமை என்பதை முதல் நாள் மதிப்பெண் சொல்லிவிட்டது. குறைந்த அந்த ஒரு மதிப்பெண் எங்கே குறைந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை. ‘வி4’ என்றால் பேச்சு இருக்கிறது, ஆனால் குழம்பிய பேச்சு என்று பொருள். எங்கள் முடிவு தப்பிப் போனது அந்த ஓர் எழுத்தைப் படிக்கத் தெரியாததால்தான்.

எங்களுக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டு பிசியோதெரபிஸ்ட் ஒருவரை வரவழைப்பது ஒன்று. நகரத்தில் உள்ள மறுவாழ்வு மையத்தில் தங்கிச் சிகிச்சை பெறுவது இன்னொன்று. வீட்டில் இருந்தபடி தினமும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வெளிநோயாளியாகப் போய்வருவது மூன்றாவது. இரண்டாவதை அம்மா கேட்டவுடனே தள்ளிவிட்டார். எங்கள் பக்கம் மறுவாழ்வு மையம் என்றால் குடியை நிறுத்துகிற இடம். “என் பிள்ளை குடிக்கிறான் என்று ஊர் பேசுமே” என்று அழுதார். வேறு பல வீடுகளிலும் இந்தப் பெயர்க் குழப்பம்தான் முதல் தடை என்று பிறகு தெரிந்துகொண்டேன். நரம்பியல் மறுவாழ்வு, மூளைக்காய மறுவாழ்வு என்று முழுப்பெயர் சொல்லி விசாரியுங்கள்.

ஆக, வீட்டைத் தேர்ந்தெடுத்தோம். முதல் வாரத்தில் மட்டும் அறுபது பேர் வந்திருப்பார்கள், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக. வந்த ஒவ்வொருவரும் கட்டிலருகே குனிந்து, “என்னைத் தெரிகிறதா? நான் யார், சொல்லு பார்க்கலாம்” என்று கேட்டார்கள். அன்பினால் கேட்டதுதான். மாலையானால் அண்ணன் போர்வையைக் கிழிப்பார். உணவு கொடுக்கப் போட்டிருந்த மூக்குக் குழாயை இரண்டு முறை பிடுங்கிவிட்டார். நடு இரவில் கடை திறக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து விழுவார். ஒரு நாள் அம்மாவை அறைந்தார். மறுநாள் அது அவருக்கு நினைவே இல்லை.

கடுமையான தலைக்காயத்துக்குப் பிறகு இப்படி ஒரு கட்டம் உண்டு. நோயாளி விழித்திருப்பார், பேசுவார், சிரிக்கக்கூடச் செய்வார். ஆனால் இன்று நடந்தது நாளைக்கு நிற்காது. எந்த ஊரில் இருக்கிறோம், என்ன கிழமை என்பது பிடிபடாது. சிலருக்கு இது நாள்கணக்கில் தீரும், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். இந்தக் கட்டத்தில் அவருக்குத் தேவைப்படுவது அமைதி. அறையில் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பேர், அதுவும் தினம் பார்க்கும் முகங்கள். கண்ணில் படும் இடத்தில் கடிகாரமும் காலண்டரும். பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு. கேள்வி கேட்டுச் சோதிக்கவே கூடாது. “நான்தான் சித்தப்பா, மாயவரத்திலிருந்து வந்திருக்கிறேன்” என்று நாமே சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் காசு செலவில்லாத காரியம், ஆனால் யாராவது சொல்லித்தர வேண்டும். எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

இடது கை தளர்ந்து தொங்கியது. கட்டிலிலிருந்து தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்தே இழுத்தோம். மூன்றாவது வாரத்தில் தோள் எலும்புக்கும் குழிக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. தளர்ந்த தோளைத் தாங்கிப் பிடிக்கத் தசைக்கு வலு இல்லாதபோது மூட்டு இறங்கிவிடும் என்பது பிறகு தெரிந்தது. அந்தத் தோள்வலி இன்றும் இருக்கிறது. அதேபோல, கஞ்சியை விழுங்கினார் என்ற தைரியத்தில் தண்ணீர் கொடுத்தோம். புரையேறியது. விழுங்கும் திறன் குறைந்தவருக்குக் கெட்டியான கூழைவிடத் தண்ணீர்தான் ஆபத்து. சட்டென்று ஓடிக் காற்றுக்குழாய்க்குள் போய்விடும், அங்கிருந்து நிமோனியா வரும். விழுங்கும் திறனைப் பார்க்க வேண்டியவர் பேச்சுப் பயிற்சியாளர் என்பதே எங்களுக்குப் புதுச் செய்தி. பேசத்தான் பேசுகிறாரே, அவர் எதற்கு என்று நினைத்திருந்தோம்.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் நல்ல பையன். தினம் 45 நிமிடம் மனதாரச் செய்தான். மீதி 23 மணி நேரத்துக்கு மேல் எங்கள் கையில்தானே இருந்தது?

நான்கு வாரத்தில் தோற்றுப்போய் மையம் தேடினோம். முதலில் பார்க்கப் போன இடத்துக்குப் பிற்பகல் மூன்று மணிக்குச் சொல்லாமல் போனோம். எட்டுப் பேரைச் சக்கர நாற்காலிகளில் துணியால் கட்டி டிவி முன்னால் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஒருவரும் டிவியைப் பார்க்கவில்லை. திரும்பி வந்துவிட்டோம். பெயர்ப்பலகையில் மறுவாழ்வு என்று இருந்தாலும் உள்ளே நடப்பது வெறும் தங்கும் விடுதியும் பராமரிப்பும் என்றால், அந்தக் காசுக்கு வீட்டில் ஓர் ஆளை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாகப் பார்த்த இடத்தில்தான் ஏழு வாரம் இருந்தார். மறுவாழ்வு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், செவிலியர் எல்லோரும் வாரம் ஒருமுறை ஒரே மேஜையில் உட்கார்ந்து அண்ணனைப் பற்றிப் பேசினார்கள். அண்ணியையும் அந்த மேஜையில் உட்கார வைத்தார்கள். “இரண்டு வாரத்தில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒருவர் துணையோடு மாறுவார்” என்பது மாதிரி எழுதப்பட்ட இலக்குகள் இருந்தன. கத்தும்போது யாரும் வாதாடவில்லை, அறிவுரை சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி, வேறு இடத்துக்கு அழைத்துப் போய், பேச்சை மாற்றினார்கள். அண்ணி அதைப் பார்த்தே கற்றுக்கொண்டார். அங்கே போன பத்தாவது நாள் அண்ணன், “நேற்று மழை பெய்தது, இல்லையா?” என்று கேட்டார். நேற்று என்ற ஒன்று அவருக்குத் திரும்பக் கிடைத்த நாள் அது.

மையத்துக்கும் ஒரு குறை உண்டு. அங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அவருக்குக் காபி போடப் பயிற்சி கொடுத்தார். பாலை அடுப்பில் வை, பொங்கும் முன் அணை, டிகாக்ஷன் ஊற்று, சர்க்கரை போடு என்று நான்கு படிகளை ஓர் அட்டையில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்தார். ஆறாவது வாரத்தில் அட்டையைப் பார்க்காமலே போட்டார். வீட்டுக்கு வந்த மறுநாள் எங்கள் சமையலறையில் கையில் பால் பாத்திரத்தோடு பத்து நிமிடம் நின்றார். அங்கே இன்டக்ஷன் அடுப்பு, இங்கே கேஸ். லைட்டர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மூளைக்காயம் பட்டவர் ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு எடுத்துப்போவது கடினம். எங்கே வாழப்போகிறாரோ அங்கேயே மறுபடியும் கற்க வேண்டியிருக்கிறது. வீட்டின் உண்மையான பலம் இதுதான், ஆனால் அந்தப் பலம் பிற்பாடுதான் கைகொடுக்கும்.

வீடா, மையமா என்ற கேள்வியை முறையாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் நடுத்தர, கடுமையான தலைக்காயம் பட்ட 120 படைவீரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 67 பேருக்கு எட்டு வாரம் மருத்துவமனையில் தங்கித் தீவிரப் பயிற்சி. 53 பேர் வீட்டில் தினம் அரைமணி நேரம் மூளைக்கான பயிற்சிகள் செய்தார்கள், வாரம் ஒருமுறை மனநலச் செவிலியர் ஒருவர் போனில் பேசினார். முடிவு 2000இல் வெளியானது. ஓராண்டு கழித்து வேலைக்குத் திரும்பியவர்கள் மருத்துவமனைக் குழுவில் 90 சதவீதம், வீட்டுக் குழுவில் 94 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதைப் படித்து “வீடே போதும்” என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் தாமாக நடக்கக்கூடியவர்கள், குழப்பக் கட்டத்தைத் தாண்டியவர்கள், வீட்டில் பொறுப்பான பெரியவர் ஒருவர் உள்ளவர்கள். அப்படியிருந்தும், காயத்தின்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் நினைவிழந்திருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது கணக்கு மாறியது. படைப்பணிக்குத் தகுதி பெற்றவர்கள் மருத்துவமனைக் குழுவில் 80 சதவீதம், வீட்டுக் குழுவில் 58 சதவீதம். காயம் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குத் தங்கிச் சிகிச்சை பெறுவது பலன் தருகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்று பிரேசிலில் நடந்தது, 2005இல் வெளியானது. தலைக்காயம் பட்ட 87 குழந்தைகள். ஒரு பாதிக்கு வல்லுநர்களே நேரடியாகப் பயிற்சி கொடுத்தார்கள். மறு பாதிக்குப் பெற்றோர், படம் போட்ட கையேட்டோடு, வல்லுநர்களிடம் கற்றுக்கொண்டு வீட்டில் அன்றாட வேலைகளோடு சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஓராண்டில் அதிகம் முன்னேறியவர்கள் பெற்றோரிடம் பயின்ற குழந்தைகள். அந்தப் பெற்றோரைக் கற்பித்துத் தயார்ப்படுத்தியிருந்தார்கள். எங்கள் முதல் நான்கு வாரத்தில் எங்களிடம் இல்லாமல் போனது அந்தக் கற்பித்தல்தான்.

ஆகவே “எந்த இடம் சிறந்தது” என்று கேட்பதை விட்டுவிட்டு, “இந்த மாதம் இவருக்கு என்ன தேவை” என்று கேட்டால் முடிவு தெளிவாகும். நேற்று நடந்தது இன்று நினைவிருக்கிறதா? மூக்குக் குழாயோ மூச்சுக்காகத் தொண்டையில் போட்ட துளையோ சிறுநீர்க் குழாயோ இன்னும் இருக்கிறதா? படுக்கைப்புண் இருக்கிறதா? பகலில் இரண்டு பேர், இரவில் தூங்காமல் ஒருவர் என்று வீட்டில் ஆள் இருக்கிறார்களா? நினைவும் இல்லை, குழாயும் இருக்கிறது, ஆளும் இல்லை என்றால் நான் யோசிக்காமல் மையம் என்பேன். ஆறு வாரம், எட்டு வாரம் போதும், ஆனால் குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கிக் கற்க அனுமதிக்கும் இடமாக இருக்க வேண்டும். “நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் போதும்” என்கிற இடத்தில் சேர்க்காதீர்கள். அவர் குணமாகி வந்தாலும் நீங்கள் கற்காதவராகவே இருப்பீர்கள். பேச்சுப் பயிற்சியாளரும் உளவியலாளரும் வாரத்தில் எத்தனை நாள் நேரில் வருகிறார்கள், அட்டெண்டர், மருந்து, டயப்பர் எல்லாம் கட்டணத்தில் அடங்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் கேட்ட இடத்தில் ஒரு மாதக் கட்டணம் அண்ணனின் மூன்று மாதச் சம்பளம்.

அவ்வளவு முடியாதவர்கள் முதலில் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையத்தையும் சென்னை கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தையும் விசாரியுங்கள். கர்நாடக எல்லைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் இருக்கிறது, அங்கே நரம்பியல் மறுவாழ்வுக்கென்று தனித் துறையே உண்டு. பாகாயம் நிலையம் 1966இல் தொடங்கியது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். பிழைத்தால் போதாது, வாழவும் வேண்டும் என்பதைத் தன் உடம்பில் அறிந்தவர் உண்டாக்கிய இடம் அது.

மூன்றாவது வழியான வெளிநோயாளிப் பயிற்சி பற்றிச் சொல்ல அதிகமில்லை. செலவு மிகக் குறைவு. இரண்டு மணி நேரம் உட்கார முடிகிறது, சொன்னது புரிகிறது, நினைவு நிற்கிறது என்ற நிலை வந்தபின் அதுதான் சரி. அதற்கு முன் தொடங்கினால் பஸ் பயணமே அவரை உறிஞ்சிவிடும். காயம்பட்ட மூளையின் களைப்பு நம் களைப்பு மாதிரி இல்லை. 40 நிமிடம் ஹாரன் சத்தத்தில் போய்ச் சேர்ந்தபின் பயிற்சிக்கு ஒன்றும் மிச்சமிருக்காது. பல ஊர் மருத்துவமனைகளில் பிசியோதெரபி உண்டு, பேச்சுப் பயிற்சியும் ஆக்குபேஷனல் தெரபியும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பயணமே முடியாதவர்கள் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிந்துகொள்ளலாம், வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார். கைகாலுக்கு அது உதவும். மறதிக்கும் கோபத்துக்கும் தனியாக வழி தேட வேண்டும்.

நான்காவது வழி ஒன்றை ஊர் சொல்லும்: எண்ணெய் போட்டு நீவுவது. அண்ணனுக்கும் ஆள் கூட்டி வந்தார்கள். மண்டையோட்டில் ஒரு பக்கம் எலும்பே இல்லாத தலையில் கைவைக்க விடாதீர்கள். விறைத்த முழங்கையைப் பலவந்தமாக நீட்டவும் விடாதீர்கள். தலைக்காயம் பட்டவர்களுக்கு மூட்டைச் சுற்றித் தேவையற்ற எலும்பு வளர்வதுண்டு, முரட்டுத்தனம் அதை மோசமாக்கும்.

எந்த வழியில் போனாலும் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். தேறிக்கொண்டே வந்தவர் திடீரென்று பின்வாங்கினால், அதாவது தூக்கம் கூடி, நடை தடுமாறி, மறுபடி உடையிலேயே சிறுநீர் போனால், “சோர்வு” என்று விட்டுவிடாதீர்கள். மூளையில் நீர் சேர்ந்திருக்கலாம். அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். வலிப்பு மருந்தை டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேகமான முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில்தான் என்பது உண்மை. அதைக் கேட்டுப் பயந்து, நகையை விற்று எல்லாவற்றையும் முதல் மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறார்கள். முன்னேற்றம் இரண்டு ஆண்டுவரைக்கும், அதற்குப் பிறகும் மெதுவாக வந்துகொண்டிருக்கும். இரண்டாம் ஆண்டில் தேவைப்படும் உளவியலாளருக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கு அரசுச் செலவில் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது, அதற்குப் பிறகு வரும் மாதங்களுக்கு அப்படித் தெளிவான பாதை இல்லை. மற்றொரு வண்டி மோதிய விபத்து என்றால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மருத்துவச் செலவோடு உதவியாளர் செலவையும் எதிர்காலச் சிகிச்சையையும் கேட்கலாம். வீட்டு அட்டெண்டருக்குக் கொடுத்த பணத்துக்கும் தேதியோடு ரசீது எழுதி வாங்கிவையுங்கள். வழக்கறிஞரை முதல் மாதத்திலேயே பாருங்கள்.

மூன்று வழியிலும் யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருந்தது. கை தேறி, நடை தேறி, பேச்சும் தேறிய பிறகு, அண்ணன் பல்துலக்கும் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி முற்றத்தில் நிற்பார். துலக்கத் தெரியும், தொடங்க வராது. “துலக்குங்கள்” என்று அண்ணி சொன்னதும் உடனே துலக்குவார். சொல்லாவிட்டால் அப்படியே நிற்பார். அக்கம்பக்கத்தில் சோம்பேறியாகிவிட்டான் என்றார்கள். ஒரு வேலையைத் தொடங்கிவைப்பதும் மூளையின் முன்பகுதி செய்யும் வேலை, அது காயப்பட்டால் இப்படித்தான் ஆகும். அண்ணி போனில் அலாரம் வைத்தார், கண்ணாடிக்குக் கீழே அட்டை ஒட்டினார். இந்த வேலைக்கு மையம் வேண்டாம், வீடுதான் சரி. ஆனால் தினமும் பொறுமையாக இருக்க அண்ணிக்குத் தூக்கம் வேண்டும். வாரத்தில் இரண்டு இரவு நான் போய்ப் படுத்துக்கொள்வது என்று முடிவு செய்தபின்தான் அந்த வீட்டில் சண்டை குறைந்தது. பராமரிப்பவர் எங்கே, எத்தனை மணி நேரம் தூங்குவார் என்பதையும் முடிவெடுக்கும் நாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. வயிற்றில் வைத்த எலும்பை ஐந்தாம் மாதத்தில் எடுத்துத் தலையில் பொருத்தினார்கள். காலையில் உரக்கடைக்குப் போகிறார். கணக்கை இன்னும் முதலாளியின் மகன்தான் எழுதுகிறார். அண்ணன் மூட்டைகளை எண்ணி நோட்டில் குறித்துக்கொள்கிறார். மதியம் ஒரு மணிக்கு வந்து இருட்டறையில் இரண்டு மணி நேரம் படுக்கிறார். வண்டி ஓட்ட டாக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை. செவ்வாய், வெள்ளி இரு நாளும் பஸ்ஸில் பயிற்சிக்குப் போய்வருகிறார். ஊர்ப்பெயரைச் சொல்லி டிக்கெட்டை அவரே கேட்டு வாங்குகிறார். சில்லறையைச் சரிபார்க்க அண்ணி பக்கத்து சீட்டில் இருக்கிறார்.